வெங்காயச் சருகில் சிவக்கும் முட்டை

உயிர்த்த ஞாயிறு நெருங்கினால் கனடாவிலும் நோர்வேயிலும் வளரும் பேரப்பிள்ளைகள், நிறமேற்றிய முட்டைகளை வீடியோ அழைப்பில் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு கொடிகாமத்து வீட்டில் நிற்கும் பேத்தியும் கேட்பாள்: "அம்மம்மா, எனக்கும் செய்து தாங்கோ!"

அம்மம்மா தயங்குவதில் நியாயம் உண்டு. சாயத்தூளைக் கிண்ணங்களில் கரைத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால், விரலும் சட்டையும் நிலமும் சேர்ந்தே நிறமாகிவிடும். ஆனால் இதற்குக் கடைச் சாயம் தேவையே இல்லை. கொடிகாமம் சந்தையில் வெங்காயம் குவித்து விற்கும் இடத்தில் கூட்டித் தள்ளும் சருகு போதும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தின் அந்தச் செந்தோலில் நல்ல சாயம் இருக்கிறது.

முட்டையைக் கழுவி, ஈரம் காயுமுன் ஒரு முருங்கை இலைக் கொத்தை அதன்மேல் ஒட்டவேண்டும். மேலே சருகை இரண்டு மூன்று அடுக்காகப் போர்த்தி, பழைய வேட்டித் துண்டால் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். இறுக்கம் குறைந்தால் இலை நழுவிவிடும். சில்வர்ச் சட்டியில் முட்டைகள் மூழ்கத் தண்ணீர் விட்டு, மிஞ்சிய சருகையும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியையும் சேர்த்து, கொதி வந்தபின் 12 நிமிடம் அவியவிடலாம். ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரி அதை இலேசாக அரிப்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கிறது. அளவு மிஞ்சினால் ஓடே கரையத் தொடங்கும்.

தண்ணீர் ஆறியபின் நூலை அறுத்துத் துணியை விரிக்கும் நேரந்தான் பிள்ளைகளுக்குரியது. செம்மண் நிறத்தில் ஓடு, அதில் திட்டுத்திட்டாகக் கபில வரிகள், நடுவே வெளிறிய முருங்கை இலைகள். எந்த இரண்டு முட்டையும் ஒன்றுபோல இராது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவினால் மினுங்கும். சாயம் முழுக்கப் பொட்டலத்துக்குள்ளும் சட்டிக்குள்ளுமே நின்றுவிட்டதால் துடைக்க வேறொன்றும் இல்லை. மஞ்சள் நிறம் வேண்டுமானால் இன்னொரு சட்டியில் மஞ்சள்தூள் போட்டு அவிக்கலாம். ஆனால் மஞ்சள் கையில் ஒட்டும். சருகுதான் சுத்தம்.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் முட்டையை வெங்காயத் தோலில் சுற்றி அவிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்நாட்டு மன்னர் முதலாம் எட்வேர்ட்டின் அரண்மனைக் கணக்கில், 1290ஆம் ஆண்டு 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு பதிவாகியிருக்கிறது. அவை நிறமேற்றியும் தங்கத்தாள் ஒட்டியும் ஈஸ்டருக்குப் பரிசளிக்கப்பட்டவை. கிரேக்கர் பெரிய வியாழனன்று முட்டையைச் சிவப்பாக்குவார்கள். முன்பு அதற்கு மஞ்சிட்டி இனத்து வேரை அவித்தார்கள். அந்த வேரின் அலிசரின் என்ற சிவப்புச் சாயம் நம்முடைய சாயவேரிலும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டி எடுத்து, துணிக்குச் சாயமிட ஏற்றுமதி செய்தார்களே, அதே சாயவேர்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கிரேக்கப் பிள்ளைகள் அந்தச் சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, எவருடையது உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடித்து வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு பண்டிகைகளும் பெரும்பாலும் ஏப்ரலிலேயே வருகின்றன. தேங்காய்க்குப் பேர்போன கொடிகாமத்தில் பெரியவர்கள் தேங்காயும் சின்னவர்கள் முட்டையுமாக ஒரே முற்றத்தில் இறங்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அவித்த முட்டை சித்திரை வெயிலில் நெடுநேரம் தாங்காது. ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அதற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்கவேண்டும். மோதி உடைந்தவற்றை உடனேயே உரித்து, உப்பும் மிளகுதூளும் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.