சுகர் நார்மல்... ஆனால் மாடிப்படி ஏற முடிகிறதா? முதுமைக்கான மருத்துவம் எங்கே தொடங்க வேண்டும்?

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன். போன வாரம்தான் டெஸ்ட் எடுத்தேன். சுகர், பி.பி. எல்லாம் நார்மல்.”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெற்றோரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய. முட்டி ஒத்துழைக்காததால் மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதை நிறுத்தி ஒரு வருஷமாச்சு. பேசுவது சரியாகக் காதில் விழாததால் அப்பா கல்யாணம் காட்சிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ராத்திரியில் ‘பசிக்கலை’ என்று இரண்டு இட்லியோடு இருவரும் முடித்துக்கொள்கிறார்கள். இது எதுவும் லேப் ரிப்போர்ட்டில் வராது.

பிறகு ஒருநாள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை, லட்சத்தில் பில், மகனுக்கு ஒரு மாத லீவு. பல வீடுகளில் மகளோ மருமகளோ வேலையை விடும் நிலைகூட வருகிறது.

விழுந்தவரைத் தூக்கி நிறுத்த தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, காப்பீடும் இருக்கிறது. விழாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. மருத்துவத் துறை அடுத்து எடுக்க வேண்டிய வேலை அதுதான்.

பத்து ஆண்டு இடைவெளி

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு கணக்குப்படி, இந்தியர்களின் சராசரி ஆயுள் 70.8 ஆண்டுகள். ஆனால் ஆரோக்கியமாக வாழும் ஆண்டுகளை மட்டும் கணக்கிட்டால் அது 60.3. நடுவில் இருக்கும் சுமார் பத்து ஆண்டுகள், நோயாலும் உடல் முடக்கத்தாலும் இழக்கப்படும் வாழ்க்கை.

இந்தச் சுமை தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வருகிறது. 2021இல் மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம்.

முதியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருப்பதாக இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்று காட்டியது. ஆகவே ‘நோயே இல்லாத முதுமை’ என்பது பெரும்பாலோருக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் ஒரே சர்க்கரை நோய் உள்ள இரண்டு பேரில் ஒருவர் தானே உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருகிறார். இன்னொருவருக்குக் கட்டிலிலிருந்து எழவே ஆள் வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டைப் பார்த்தால் இருவரும் ஒன்று. அவர்கள் வாழும் வாழ்க்கை ஒன்றல்ல.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆரோக்கியமான முதுமைக்குத் தந்த விளக்கத்தில் நோயின்மையை முன்வைக்கவில்லை. தான் மதிக்கும் வாழ்க்கையைத் தானே வாழ்வதற்கான செயல்திறன் இருக்கிறதா என்பதையே முன்வைத்தது.

ஒரு நாற்காலி, 14 விநாடி

செயல்திறனை அளப்பது கஷ்டமா? இல்லை. முதல்நிலை சுகாதாரப் பணியாளர்களுக்காக அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள சோதனைகள் ரொம்பவே எளிமையானவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 14 விநாடிக்குள் முடிகிறதா? மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய குரலில் பேசினால் காது கேட்கிறதா? மூன்று மாதத்தில் தன்னையறியாமல் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? பார்வையும் மனநிலையும் எப்படி இருக்கின்றன?

ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். இதில் ஒன்று சரியில்லை என்றால் அடுத்தகட்ட பரிசோதனை. அவ்வளவுதான்.

கண்டுபிடித்த பிறகு செய்வதற்கும் வழி இருக்கிறது. நடுத்தர வயதிலிருந்தே தசை மெல்லக் குறைகிறது. ஆனால் 70 வயதில் பயிற்சி தொடங்கினாலும் தசை வலுப்பெறும். உடல் சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிகள், முதியவர்கள் விழுவதைச் சுமார் கால் பங்கு குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிய வந்திருக்கிறது. தட்டில் சோறு குறைந்து பருப்பு, சுண்டல், முட்டை கூட வேண்டும் (சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு). பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும்.

வாசல்வரை வந்த மருத்துவம்

தமிழ்நாடு இதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2020இல் நடந்த மாநில அளவிலான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரை வாங்க மாதாமாதம் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்தால் யார்தான் தொடர்ந்து போவார்கள்? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோனது. இயன்முறை மருத்துவத்தையும் வலிநிவாரணச் சிகிச்சையையும் சேர்த்தே கொண்டுபோனது. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

அந்தத் தன்னார்வலர் பையைத் திறந்து பி.பி. பார்த்துவிட்டு, அம்மாவை ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழச் சொன்னால் கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள். இப்போது எத்தனை லட்சம் பேருக்கு மருந்து தரப்பட்டது என்பதே பெரிய செய்தியாகிறது. எத்தனை பேர் இந்த ஆண்டும் துணையில்லாமல் நடக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை மத்திய அரசு தொடங்கியது. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டும் அடிப்படையில், உடம்புக்கு முடியாமல் போன பிறகு கிடைக்கும் உதவி. எலும்பு முறிந்தால் காப்பீடு பணம் தரும். முறியாமல் இருக்க உதவும் கைப்பிடிக்குத் தராது.

‘இருக்கிற நோயாளிகளைப் பார்க்கவே ஆள் இல்லை, இதில் இது வேறயா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிகிச்சைக்கான பணத்தை எடுத்து இதில் போடுவது தீர்வாகாது. ஊக்கத்தொகைக்கு உழைக்கும் தன்னார்வலர்கள் தலையில் கூடுதல் வேலையைச் சும்மா ஏற்றுவதும் சரியில்லை. வேலை கூடினால் பயிற்சியும் ஊதியமும் கூட வேண்டும். அப்படிச் செலவழித்தாலும், படுத்த படுக்கையானவரை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதன் செலவு அதைவிடப் பெரிது. அந்தச் செலவு இப்போது அரசின் கணக்கில் வராமல் குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே வித்தியாசம்.

நாற்பதில் தொடங்கும் கணக்கு

ஜப்பான் இந்தப் பாதையில் முன்னால் போன நாடு. 2000இல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பயனாளிகள் கூடிக்கொண்டே போக, 2006இல் தடுப்புப் பக்கம் திரும்பினார்கள். கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏற முடிகிறதா, 15 நிமிடம் தொடர்ந்து நடக்க முடிகிறதா, கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா என்பது மாதிரி 25 கேள்விகள் கொண்ட பட்டியலை முதியவர்களிடம் கொடுத்தார்கள். பராமரிப்புக்கு ஏற்பாடு செய்த பிறகுதான், அந்தத் தேவையைத் தள்ளிப்போடுவதன் அருமை அவர்களுக்கு முழுசாகத் தெரிந்தது. தமிழ்நாடு அதே பாடத்தைத் தாமதமாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றையும் தனிமனிதர் தலையில் கட்டவும் முடியாது. ‘தினமும் வாக்கிங் போங்க’ என்று டாக்டர் சொல்லலாம். உடைந்த நடைபாதையும், ஏறவே பயப்பட வைக்கும் பஸ் படிக்கட்டும் இருக்கும் ஊரில் அப்பா எங்கே போய் நடப்பார்? உள்ளாட்சி போடும் நடைபாதையும் முதியவர்களுக்கு மருந்துதான்.

ஆனால் ஒரு வேலையை அரசுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் ‘உடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இந்த வாரம் மாடிக்குப் போனியாம்மா?’ என்று கேட்கலாம். ‘இல்லடா, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்’ என்று பதில் வந்தால், ரிப்போர்ட் எவ்வளவு நார்மலாக இருந்தாலும், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.