வழி சொல்லாத ஆட்டம்

சென்ற குளிர்கால விடுமுறையில் எங்கள் விடுதியின் மூன்றாம் மாடியில் ஒரு போர் மூண்டது. அது தேர்தலைப் பற்றியதன்று; திரைப்படத்தைப் பற்றியதும் அன்று. ஜப்பானிலிருந்து வந்த ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றியது. ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் தங்கிவிட்ட ஐந்தாறு தமிழ் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். மதுரை நண்பர் ஒரு பக்கம்; கோவை நண்பர் மறுபக்கம். இரண்டு நாள் அவ்விருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்றால், போரின் கடுமையை நீங்களே உணர்ந்துகொள்ளலாம். நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

சண்டைக்குக் காரணமான ஆட்டத் தொடரின் பெயர் 'சாகா'. நம் காதுக்குச் சாவே இல்லாதது என்று ஒலிக்கும் பெயர். ஆனால் ஆட்டத்துக்குள் நுழைந்தாலோ, சாவு மலிந்து கிடக்கிறது!

வீடியோ விளையாட்டுப் பழக்கம் இல்லாத நண்பர்களுக்காக ஒரு சொல். கதைமாந்தராக நாமே நின்று ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவை தண்டவாளம் போட்ட பாதை போன்றவை. ஊர்ப் பெரியவர் 'கிழக்கே போ' என்பார், போவோம். வழியில் பகைவர்களை வெல்வோம்; புள்ளிகள் சேரும்; வலிமை ஒரு படி உயரும். எவ்வளவுக்கு எவ்வளவு உழைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு பயன். ஒன்றும் தவறிப்போகாது, தவறினாலும் திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். சாகா இந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எறிந்தது. அதனால்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவோரும் உண்டு. தொட்ட கையைக் கழுவுவோரும் உண்டு.

இத்தொடரின் மூலவர் அகிடோஷி கவாஸு. ஸ்கொயர் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1987-ல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி'யின் போர்முறையை வகுத்ததில் பங்கு கொண்டவர். 1988-ல் வந்த அதன் இரண்டாம் ஆட்டத்திலேயே தம் போக்கைக் காட்டிவிட்டார். புள்ளி சேர்த்துப் படி ஏறும் முறை அதில் இல்லை. எதைப் பயன்படுத்துகிறாயோ அது வளரும். வாளெடுத்தால் வாள்திறன் வளரும். அடிபட்டால் உடலுறுதி வளரும். ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? தம் தோழர்களைத் தாமே அடித்து உறுதியை ஏற்றிக்கொண்டார்கள்! சட்டம் போட்டவர் ஒன்று நினைக்க, சந்து கண்டவர்கள் வேறொன்று நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1989-ல், கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக முதல் சாகா வந்தது. அதில் மனிதன் காசு கொடுத்து மருந்து வாங்கித்தான் வலிமை பெறுவான். பிறழ்ந்து பிறந்த இனத்தார்க்கு ஆற்றல் தற்செயலாக வரும். வந்தது போலவே போகவும் செய்யும். அசுரப் பிறவியோ, வீழ்ந்த பகைவனின் இறைச்சியைத் தின்று வேறோர் உருவாக மாறும். படைக்கலங்கள் தேய்ந்து தீர்ந்துபோகும். இத்தனை விசித்திரமும் விலைபோனது. ஸ்கொயர் நிறுவனத்தின் ஆட்டங்களுள் பத்து லட்சம் படிகளைக் கடந்த முதல் ஆட்டம் இதுதான். 1990-ல் அமெரிக்காவுக்குப் போனபோது 'ஃபைனல் ஃபேண்டசி லெஜண்ட்' என்று பெயர் சூட்டி அனுப்பினார்கள். பெயர் மாறியது, குணம் மாறவில்லை.

1992-ல் வந்த 'ரொமான்சிங் சாகா' இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. எட்டு நாயகர்கள், எவரையும் தேர்ந்து தொடங்கலாம், எங்கும் போகலாம். ஆனால் எத்தனை போர் புரிகிறோமோ, அத்தனைக்கு உலகின் காலம் ஓடுகிறது. காலம் ஓட ஓடச் சில கதைகள் பிறக்கின்றன. சில கதைகள், நாம் எட்டிப் பார்க்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. பிற ஆட்டங்களில் உழைப்பு என்று போற்றப்படுவது இங்கே செலவு என்று கணக்கில் ஏறுகிறது.

நான் ஆடியது 1993-ல் வந்த 'ரொமான்சிங் சாகா' இரண்டாம் ஆட்டத்தின் புதிய வார்ப்பு; 2024 அக்டோபரில் வெளிவந்தது. விடுதி அண்ணன் ஒருவர் ஊருக்குப் போகும்போது தம் கணினியை என்னிடம் விட்டுச் சென்றதால் கிடைத்த வாய்ப்பு. அதன் தொடக்கத்தைச் சொல்லாமல் என் வாதத்தைத் தொடங்க முடியாது.

முன்னொரு காலத்தில் உலகைக் காத்த ஏழு வீரர்கள் இப்போது அரக்கர்களாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அவருள் ஒருவனிடம் உயிரையே உறிஞ்சி எடுக்கும் வித்தை ஒன்று உண்டு. அதை எப்படித் தடுப்பது என்று யாருக்கும் தெரியாது. மூத்த மகனைப் பறிகொடுத்த பேரரசர் லியோன், அந்த அரக்கனை எதிர்த்துத் தாமே போகிறார். வெல்லப் போகவில்லை, அந்த வித்தையைத் தம் உடம்பில் வாங்கி அறிந்துகொள்ளப் போகிறார். அறிகிறார், வீழ்கிறார். சாகும்முன் தம் அறிவையும் ஆற்றலையும் இளைய மகன் ஜெரார்டுக்கு அளிக்கிறார். ஏட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை, தந்தை கற்றதைக் கொண்டு தந்தையைக் கொன்றவனை வெல்கிறான். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அரசர் மாறுகிறார்கள். ஒருவர் அறிந்தது அடுத்தவருக்குச் சேர்கிறது. அரச குலத்தில் பிறந்திருக்கவும் வேண்டுவதில்லை. படைவீரரும் அரியணை ஏறலாம்.

தோல்வியையே கதையின் முதுகெலும்பாக வைத்த ஆட்டம் இது. அரசர் போரில் மாண்டால் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை, அடுத்தவர் வருகிறார். தோழர்களுக்கு உயிர்ப்புள்ளிகள் சிலவே உண்டு. அவை தீர்ந்தால் அவர்கள் மீளமாட்டார்கள். என் படையில் ஒரு வில்லாளிப் பெண் இருந்தாள். என் அவசரத்தால் அவளை இழந்தேன். அதே படைப்பிரிவிலிருந்து வேறொருவர் வேறு பெயரோடு வந்து நின்றார். வேலை நடந்தது. ஆனால் அன்றிரவு நான் ஆட்டத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ ஆட்டங்களில் எத்தனையோ பேர் எழுதி வைத்த கண்ணீர்க் காட்சிகளைக் கண்டிருக்கிறேன். அவை எழுதியவரின் துயரம். இது என் தவறு.

இனி மதுரை நண்பரின் வழக்கைக் கேட்போம். அவர் பழைய பழக்கத்தில் ஓயாமல் போரிட்டு வலிமை சேர்த்தவர். "போரிட்டால் காலம் ஓடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பரீட்சை எழுதிக் களைத்துப்போய் இதைத் திறந்தால், இதுவும் பரீட்சையா? அதுவும் பாடத்திட்டமே கொடுக்காத பரீட்சை!" என்றார். முப்பது மணி நேரம் செலவழித்தவரின் கோபம் அது. மாணவனிடம் காசும் இல்லை, காலமும் இல்லை. அவனது முப்பது மணி நேரத்தை வீணாக்கும் உரிமை எந்தக் கலைஞனுக்கும் இல்லை என்றார். என்னால் மறுக்க முடியவில்லை.

கோவை நண்பரோ சாகாவின் பக்தர். "வாழ்க்கை உனக்கு வழிகாட்டி நூல் கொடுத்ததா? தேடினால் தெரியும்; தெரியாதவன் தேடாதவன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து, "இது எல்லோருக்கும் எட்டும் சரக்கன்று" என்று ஒரு சொல் உதிர்த்தாரே, அங்கேதான் அவர் வழக்கும் கெட்டது. புரியாமையைப் பெருமையாக அணிந்துகொள்வது ரசனை ஆகாது. அது ஒருவகைச் சாதி உணர்வு.

இரு தரப்பும் ஒன்றைக் காணத் தவறுகின்றன என்பது என் துணிபு. விடையை மறைப்பது வேறு. வினாவையே மறைப்பது வேறு.

விடையை மறைப்பவன் நம்மை மதிக்கிறான். 'இதோ ஒரு பூட்டு. திறந்து பார்' என்கிறான். பேரரசர் லியோனுக்கு விடை தெரியாது; ஆனால் வினா தெரிந்திருந்தது. ஆகவே அவர் சாவு வீணாகவில்லை. போரின் நடுவே ஒரு வீரனின் தலைக்கு மேல் திடீரென்று விளக்கு ஒளிர்ந்து, இதுவரை அறியாத ஒரு வீச்சு அவனுக்குப் பிடிபடும் காட்சி இந்த ஆட்டத்தின் பெரும் அழகு. எப்போது ஒளிரும் என்று தெரியாது. வலிய பகைவனை எதிர்த்தால் அதற்கு வாய்ப்பு மிகுதி என்பது மட்டும் தெரிகிறது. தெரியாமையும் தெரிதலும் அளவோடு கலந்த இன்பம் அது.

வினாவையே மறைப்பவனோ, பூட்டு இருக்கும் சுவரையே காட்டுவதில்லை. 2002-ல் பிளேஸ்டேஷன் இரண்டுக்காக வந்த 'அன்லிமிடெட் சாகா' இந்தப் பழிக்கு ஆளாயிற்று. பலகை ஆட்டத்துக் காய்போல் நகர வேண்டும். சுழலும் சக்கரத்தை நிறுத்தி அடிக்க வேண்டும். வளர்ச்சியைக் கட்டங்களில் பொருத்த வேண்டும். ஏன், எதற்கு என்ற விளக்கம் ஆட்டத்துக்குள் மிகக் குறைவு. மேலைநாட்டு விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அவர்கள் அவசரக்காரர்கள் என்று பக்தர்கள் சொல்லலாம். ஆனால் அந்நாட்டவர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1993-ல் ஜப்பானியர் ஆடிய இரண்டாம் ரொமான்சிங் சாகா, ஆங்கிலத்தில் வந்தது 2016-ல்தான், மூன்றாவது 2019-ல்தான். இடையிலுள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைக் கொடுத்து, 'புரியவில்லையா?' என்று கேட்பது எந்த நியாயம்?

இதற்கு மறுமொழி சொல்லக் காலம் தேவைப்பட்டது. நான் ஆடிய 2024 வார்ப்பைப் பாருங்கள். பகைவனின் வலுக்குறை எது என்பதைக் கண்டறிந்தபின் திரையில் காட்டுகிறார்கள். எந்த வீச்சிலிருந்து புதியது பிறக்கக்கூடும் என்பதற்குச் சிறு விளக்குக் குறி இடுகிறார்கள். கடுமையின் அளவை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அரசர்கள் இன்னும் சாகிறார்கள். தலைமுறை இன்னும் புரள்கிறது. என் வில்லாளியும் மீளவில்லை. வினாவைக் காட்டினார்கள், விடையைக் கொடுத்துவிடவில்லை. முன்பு இத்தொடரை வெறுத்தவர்கள் பலரும் இதைப் பாராட்டினார்கள். அவர்கள் வெறுத்தது கடுமையை அல்ல, இருட்டை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஒரு விளையாட்டுக்காக இத்தனை பக்கமா என்று கேட்பீர்கள். எனக்கு இது விளையாட்டாக மட்டும் இல்லை.

முதலாண்டில் எனக்கு ஓர் உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு விண்ணப்பம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கடைசி நாள் கழிந்து ஒன்பது நாள் ஆனபின், உணவுக்கூடத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஓடினேன். "எல்லாருக்கும் தெரியுமே!" என்று இந்தியில் பதில் வந்தது. அந்த ஆண்டு அப்பா வாங்கிய கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. நான் சோம்பேறி அல்லன், மறுக்கப்பட்டவனும் அல்லன். கேட்க வேண்டிய கேள்வி எது என்று அறியாதவன், அவ்வளவே. மதுரை நண்பர் தம் முப்பது மணி நேரத்துக்காகக் குமுறியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஒன்பது நாள்தான்.

அடுத்த ஆடியிலும் ஊரிலிருந்து புதிய பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மொழி புதிது, குளிர் புதிது. நம்மில் சிலர் மதுரை நண்பரைப் போல, எல்லாவற்றையும் கைபிடித்து நடத்திக் காட்ட எண்ணுவோம். எந்தப் பாடம் எடுக்க வேண்டும், யாரோடு பழக வேண்டும் என்று அவர்கள் வாழ்வையும் நாமே ஆடிவிடுவோம். சிலர் கோவை நண்பரைப் போல, 'நாங்கள் பட்டோம். அவர்களும் பட்டுத் தெரியட்டும்' என்று நிற்போம். இரண்டும் வேண்டா. பூட்டு எங்கே இருக்கிறது என்று காட்டுவோம். எந்த விண்ணப்பம், எந்த அறை, எந்த நாள் என்று சொல்லிவிடுவோம். எந்தக் கதவைத் திறப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று மூடும் என்பதையும் அவர்களே அறியட்டும். அந்த இழப்பு அவர்களுடையது. அதைப் பறிக்கவும் நமக்கு உரிமை இல்லை.

மூன்றாம் மாடிப் போர் ஓய்ந்துவிட்டது. இரு நண்பர்களும் இப்போது ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். மதுரை நண்பர் மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார். கோவை நண்பர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்க்கிறார். மிகவும் தேவைப்பட்டால் மட்டும், "அண்ணே, அந்த மூலையைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறார். அதற்கு மேல் சொல்வதில்லை. அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.