ஒரு நாள் வாழ இவ்வளவு கொழுப்பா?

தேர்தல் நெருங்கினால் புதுக் கட்சிகளை ஈசல் என்று மேடையில் யாராவது ஏசாமல் இருப்பதில்லை. இரங்கல் கூட்டத்துக்குப் போனால் மனித வாழ்வே ஈசல் வாழ்வு என்கிறார்கள். காலையில் விளக்குக் கம்பத்தடியில் சிறகுகளைக் கூட்டி அள்ளுகிறோமே, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நம்பிக்கை முழுப் பிசகு. பூச்சிகளில் நீண்ட ஆயுள் கொண்டவை எவை என்று வரிசைப்படுத்தினால், முன்வரிசையில் உட்காரப்போவது இதே ஈசல்தான்.

பழி பழையது. புறநானூற்றின் 51ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், பாண்டியன் மாறன் வழுதியின் பகைவர்களை ஒரு பகலுக்காகத் தவிக்கும் ஈசலோடு சேர்த்துப் பேசுகிறார். அதே நூலின் 119ஆம் பாட்டில் கபிலர் பறம்பு நாட்டை நினைக்கும்போது, ஈசலை மோரில் புளிக்கவைத்த உணவைச் சொல்கிறார். முடவனார் ஈசலைப் பார்த்தார். பறம்பு மக்கள் தின்றார்கள். என்னைக் கேட்டால் தின்றவர்கள் பேச்சையே நம்புவேன்.

செய்யூர் வட்டாரத்து இருளர்களும் தின்றவர்கள்தாம். மழை விட்ட இருட்டில் புற்றோரம் குழி வெட்டி, விளக்கு வைத்து ஈசல் பிடிப்பது அவர்கள் கைவந்த வேலை. சிறகைப் புடைத்தெடுத்து, வெறுஞ்சட்டியில் வறுத்து, பொரியரிசியோடு கலந்து தின்பார்கள். எண்ணெய் ஊற்றத் தேவையில்லை, ஈசலே எண்ணெய் விடும். ஆப்பிரிக்காவின் மேக்ரோடெர்மிஸ் இனத்து ஈசலைச் சோதித்தபோது, உலர்ந்த எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு இருந்தது. நாளைக்குச் சாகப்போகிற உயிர் எதற்காக இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது?

பறப்பதற்கு என்று சொல்லிப் பார்க்கலாம். கொழுப்பை எரித்துப் பறக்கும் பூச்சி உண்டு, வெட்டுக்கிளி. அது நெடுந்தூரம் பறக்கும்போது, மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பியிலிருந்து அடிப்போகைனெடிக் ஹார்மோன் கசிகிறது. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சிறு சங்கிலியின் அமைப்பு 1976இல் தெரியவந்தது. அது கொழுப்புத் திசுவுக்குப் போனதும் சேமிப்பு உடைகிறது. உடைந்த கொழுப்பை ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் சிறகுத் தசைக்குச் சுமந்து போகிறது. இந்த ஹார்மோன் செய்வது, நம் உடம்பில் குளுகோகான் செய்வதற்கு ஒப்பான வேலை. இதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று கரையான்களிலும் உண்டு, ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தானே. ஆனால் வெட்டுக்கிளி மணிக்கணக்கில் பறக்கிறது. ஈசல் பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. அவ்வளவு கொழுப்பும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் என்றால் கணக்கு உதைக்கிறது.

இறங்கியபின் நடப்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை. ஈசல் தன் சிறகைத் தானே உதிர்க்கிறது. முறிவதற்கென்றே சிறகடியில் ஒரு கோடு அமைந்திருக்கிறது. விளக்கடியில் நாம் கூட்டும் குவியலில் பாதி, சாவின் மிச்சம்கூட இல்லை, கல்யாணத்தின் மிச்சம். சிறகு உதிர்த்த பெண் முன்னால் ஓட, ஆண் பின்தொடர, இரண்டும் ஈர மண்ணைத் துளைத்து இறங்கி வழியை அடைத்துக்கொள்கின்றன. நம் ஊர்ப் புற்றுகளைக் கட்டுகிற கரையான்களைப் போன்ற காளான் வளர்க்கும் இனங்களில், முதல் வேலைக்காரக் கரையான்கள் ஆளாகும்வரை அந்த ஜோடிக்கு வெளியிலிருந்து இரை கிடையாது. இனி தேவைப்படாத சிறகுத் தசைகள் உள்ளேயே கரைகின்றன. அந்தத் தசையும் சேர்த்துவைத்த கொழுப்பும்தான் பெற்றோருக்கும் முதல் பிள்ளைகளுக்கும் சோறு. இருளர் சட்டியில் மினுங்கிய எண்ணெய், குடித்தனம் தொடங்க வைத்திருந்த முதல்.

பிறகு இளமை ஹார்மோன் வேலையைத் தொடங்குகிறது. முட்டைக்கான மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யும்படி கொழுப்புத் திசுவைத் தூண்டுவது அதுதான். ராணியாகிவிட்ட பெண் பருக்கப் பருக்க, கிடங்காக இருந்த திசு மெல்ல மெல்ல புரத ஆலையாக மாறிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் மேக்ரோடெர்மிஸ் நடாலென்சிஸ் பற்றி 2022இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் வியப்பூட்டுவது. அதன் ராஜாவும் ராணியும் இருபது ஆண்டுவரை வாழ்பவை. அதே மரபணுக்கள் கொண்ட வேலைக்காரக் கரையானின் ஆயுளோ சொற்பம். இன்சுலின் வழிச் சமிக்ஞை கூடினால் கொழுப்பு ஏறும், மூப்பு விரையும் என்பது பூச்சிகளிலும் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது. இந்த ராணிகளிடம் இன்சுலின் போன்ற ஒரு புரதத்தின் மரபணு ஓங்கியிருக்கிறது, கொழுப்போ சேரவில்லை. நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டும் மூப்பு தள்ளிப்போகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள்கூட எட்டிப் பார்க்கவேண்டிய உடம்பு அது. அதைத்தான் நாம் அற்பாயுசுக்கு உவமையாக வைத்திருக்கிறோம்.

பெரும்பாலானவை அன்றே சாகின்றனவே என்று மடக்குவார்கள். சாகின்றன என்பது சரியல்ல, கொல்லப்படுகின்றன. பல்லியும் தவளையும் காக்கையும் எறும்பும் நாமும் தின்கிறோம். தப்பியதில் பல, மண் கிடைக்காமல் சிமெண்டுத் தரையில் காய்கின்றன. இதே செய்யூர்க் கடற்கரையில் பங்குனிச் சிற்றாமைக் குஞ்சு பொரிந்து ஓடும்போது, நாயும் நண்டும் மீனும் தின்று முடித்தது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்காக ஆமையை ஒருநாள் உயிர் என்று யாரும் பாடவில்லை. கொலைக்கணக்கை ஆயுள்கணக்காக எழுதும் வழக்கம் ஈசலுக்கு மட்டும் எப்படி வந்தது? அந்த ஒரு நாளைக்கு முன்பும் அது புற்றுக்குள் மாதக்கணக்கில் வளர்ந்து, மழைக்குக் காத்திருந்த உயிர் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கோணலாகிறது.

உவமை தப்பினால் புலவருக்கு நட்டமில்லை, வீட்டுக்காரருக்கு உண்டு. ஐப்பசி மழையிரவில் விளக்கை அணைத்துவிட்டு, விடிந்தால் எல்லாம் செத்துக்கிடக்கும் என்று படுக்கப் போகிறவர், கொல்லைப்புற ஈர மண்ணில் இறங்கிய ஜோடிகளை எண்ணுவதில்லை. சில வருஷம் கழித்து வேலிக்காலில் செல் ஏறும்போது, இது எங்கிருந்து வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறார்.