குள்ளமா இருந்தா என்ன குறைச்சல்?

மைசூர் விஜயநகருக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. என் உயரம் 149 செ.மீ. காலேஜ் போற என் பொண்ணு என்னைவிட ஒரு செ.மீ. குறைச்சல்.

நான் வங்கியில சேர்ந்த புதுசுல, கவுண்டருக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "ஆபீசர் எங்கம்மா? நீ யார் வீட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டார். இப்போ இவளை பஸ்ல, "புட்டி, எந்த ஸ்கூல்?"னு கேட்கறாங்க. 2023 ஜூன்ல சக்தி திட்டம் வந்து கர்நாடகப் பெண்களுக்கு சாதாரண பஸ் இலவசமாச்சு. நல்ல விஷயம். ஆனா மேல பிடிக்கிற கம்பி மட்டும் இறங்கி வரலை! திருப்பத்துக்குத் திருப்பம் யார் மேலயாவது சாயறா.

இதைச் சிரிச்சுட்டே விட்டுடலாம். போன மாசம் ஊர்லேர்ந்து வந்த அத்தை, "ஹீல்ஸ் போட்டு போட்டோ எடுத்துக்கோடி, இல்லேன்னா வரன் தகையாது"ன்னாங்க. அவ ஒண்ணும் பேசலை. ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்து, "சாரிம்மா"ன்னா. எதுக்கு சாரி? அதுதான் சுட்டுது.

ராஜஸ்தானில் கலெக்டராக இருந்த ஆர்த்தி டோக்ரா, 2006 பேட்ச் ஐ.ஏ.எஸ்., நாலடிகூட இல்லை. பீகானீரில் திறந்தவெளிக் கழிப்பிடத்துக்கு எதிரா ஊர் ஊராப் போய் மக்களைத் திரட்டினவர். யாரும் அளவுநாடா எடுக்கலை.

உயரம் அப்பா அம்மா கொடுத்தது. கம்பியும் கவுண்டரும் மனுஷன் செஞ்சது. மாத்த முடியறதை மாத்துவோம். அத்தைகிட்ட நான் அன்னிக்கே பேசியிருக்கணும். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், பேசிடுவேன்.

நீங்க என்ன சொல்றீங்க?