ஊசி, மணி, சிரிப்பு

மாறுவேடப் போட்டி என்று ஒன்று இருக்கிறவரைக்கும் மூன்று வேஷங்களுக்கு அழிவே கிடையாது. பாரதியார், ஔவையார், நரிக்குறவர். முதல் இரண்டுக்கும் கைதட்டல், மூன்றாவதுக்கு விசில். செலவும் கம்மி. கிழிந்த பனியன், நாலு பாசிமாலை, தலையில் ஒரு முண்டாசு, கையில் டால்டா டின். வசனம் எழுத ஆள் தேட வேண்டாம். மேடைக்கு நடுவில் வந்து 'ஸாமியோவ்' என்று ஒரு இழுப்பு, குளிச்சு எத்தனை நாளாச்சு, பூனைக்கறி ருசி எப்படி, ரெண்டு கேள்வி. போதும், கப் உங்களுக்குத்தான். ஸ்கூலில் ஆரம்பித்து காலேஜ் கல்ச்சுரல்ஸ் வழியாக ஆபீஸ் ஆண்டு விழா வரைக்கும் இந்த ஒரே ஜோக்கை வைத்து மூணு தலைமுறை ஓட்டியாச்சு.

ஒருநாள் பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். (விழுப்புரம் ஜில்லாவில் ரெண்டு பிரம்மதேசம் உண்டு. சோழர் கோயில் இருப்பது எசாலம் பக்கத்தில். நான் சொல்வது திண்டிவனத்துக்குக் கிழக்கே இருப்பது. தபால்காரர்கள் மன்னிக்கவும்.) கடைசி சீட்டில் ஒரு நரிக்குறவர் தம்பதி, இடுப்பில் குழந்தை, மடியில் மணிமாலைக் கூடை. கண்டக்டர் லக்கேஜுக்கும் டிக்கெட் கேட்க, அந்தம்மா கறாராகக் கணக்குப் பேச, முன் சீட்டில் இருந்த காலேஜ் பையன் ஒருத்தன் அவர் குரலை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினான். நல்ல மிமிக்ரி. பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தம்மா கோபப்படவில்லை. புருஷன் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை சொன்னார். ரெண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

பஸ் கப்சிப்!

என்ன சொன்னார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கு நம்ம பாஷை தெரியும், நமக்கு அவர் பாஷை தெரியாது. மிமிக்ரிப் பையன் திண்டிவனம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த பாஷைக்கு வாக்ரிபோலி என்று பெயர். குஜராத்தி, மராத்திக்குச் சொந்தக்கார பாஷை. எழுத்து வடிவம் கிடையாது. வீட்டில் அது, சந்தையில் தமிழ், ஆந்திரா பக்கம் போனால் தெலுங்கு. நாம் சிரிக்கிற 'ஸாமியோவ்' தமிழ் அவர்களுக்கு ரெண்டாவது மொழி. நமக்கு ரெண்டாவது மொழி இங்கிலீஷ். மேனேஜர் முன்னால் அதை நாம் பேசுகிற அழகை யாராவது டேப் பண்ணி ஆண்டு விழாவில் போட்டால் தெரியும் சேதி!

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் வந்த 'ஒளி விளக்கு', எம்.ஜி.ஆருக்கு 100-வது படம். அதில் அவரும் ஜெயலலிதாவும் குறவன் குறத்தி வேஷம் கட்டி ஆடுகிற பாட்டு ஒன்று உண்டு. கேலிக்காகச் செய்ததல்ல, பிரியமாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வேஷத்துக்கான யூனிஃபார்ம் அன்றைக்கே நிச்சயமாகி, அப்புறம் வந்த காமெடி ட்ராக்குகளில் பிரியம் கழன்றுபோய் யூனிஃபார்ம் மட்டும் தங்கிவிட்டது.

அதே 1968-ல் பம்பாயில் 'படோசன்' என்று ஒரு இந்திப் படம். மெஹ்மூத் உச்சிக்குடுமி, வேட்டியோடு ஒரு மதராஸி பாட்டு வாத்தியாராக வந்து, இந்தியைக் கடித்துக் குதறி, வட இந்தியாவையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். இன்றைக்கும் டில்லிக்கு மாற்றலாகிப் போகிற நம்மாட்களைக் கேட்டுப் பாருங்கள். 'அய்யய்யோஜி' என்று கேன்டீனில் எவனாவது கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். அங்கே நாம் வேஷம், இங்கே நாம் ஆடியன்ஸ்.

இன்னொரு குழப்பம். குறிஞ்சி நிலத்துக் குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. முதலாமவர் தமிழ் பேசுகிறவர்கள். முருகனுக்கு வள்ளியைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். குற்றாலக் குறவஞ்சியில் குறி சொல்லும் சிங்கி அவர்கள் வீட்டுப் பெண். திருவிழா மேடையில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்று விடிய விடிய நடந்த இரட்டை அர்த்த விவகாரத்துக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆடினவர்கள் வேறு யாரோ, பெயர் கெட்டது மட்டும் இவர்களுக்கு. வழக்கு மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போய், 2023-ல் அந்த ஆட்டத்துக்குத் தடை வந்தது. நாட்டுப்புறக் கலைகள் பட்டியலிலிருந்தும் அரசாங்கம் அதன் பெயரை எடுத்துவிட்டது. 'கலைக்குத் தடையா?' என்று சில பேர் முணுமுணுத்தார்கள். அவரவர் ஜாதிப் பெயரை அந்த இடத்தில் போட்டு நோட்டீஸ் அடித்துப் பார்த்துவிட்டு முணுமுணுத்திருக்கலாம்.

சும்மா ஜோக்குதானே ஸார், இதுக்குப் போய் ஒரு பக்கம் எழுதணுமா? நியாயமான கேள்வி. ஜோக்கில் 'திருட்டு முழி' என்று வருகிறது பாருங்கள், அது ஜோக்காக ஆரம்பித்ததல்ல, சட்டமாக ஆரம்பித்தது. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தில் குறவர் உட்பட எத்தனையோ இனங்களைப் பிறவித் திருடர்கள் என்று ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள். 1952-ல் சட்டம் போனது, முழி போகவில்லை. 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்கிற குறவர் ஒருவரைத் திருட்டுக் கேஸ் என்று கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. அவர் மனைவிக்காக வக்கீல் சந்துரு (பிற்பாடு ஹைகோர்ட் நீதிபதி) நடத்திய வழக்குதான் 2021-ல் 'ஜெய் பீம்' படமானது. படத்தில் குறவரை இருளர் என்று மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்கும் பஞ்சாயத்து நடந்தது. திண்டிவனம்காரர்களுக்கு இதெல்லாம் புதுசல்ல. இருளர்கள் மேல் போட்ட பொய்க் கேஸ்களுக்கு எதிராகப் பேராசிரியர் பிரபா கல்விமணி அந்த ஊரில் இருந்துகொண்டுதான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார்.

உலகம் பூரா இதே கதைதான். பிலிப்பைன்ஸ் மலைகளில் இகொரோட் என்று ஒரு ஜனம். மலையைப் படி படியாகச் செதுக்கி நெல் விளைவித்த மகா என்ஜினீயர்கள். 1904-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சிக்கு அவர்களைக் கூட்டிப்போய், வேலிக்குள் குடிசை போட்டு உட்கார வைத்தார்கள். விசேஷச் சடங்குக்கு மட்டும் சாப்பிடுகிற நாய்க்கறியை, டிக்கெட் வாங்கின கூட்டத்துக்காகத் தினசரிக் காட்சியாக்கினார்கள். நம்ம பூனைக்கறி ஜோக் ஞாபகம் வருகிறதா? 105 வருஷம் கழித்து, 2009-ல், இகொரோட்டுகள் ஊரான பாகியோவிலேயே ஒரு காமெடி நடிகை மேடையேறி, 'என்னை இகொரோட் என்று நினைச்சீங்களா? இல்லை, நான் மனுஷி' என்கிற பாணியில் ஒரு ஜோக் அடித்தார். ஊரே கொதித்தது, அம்மணி மன்னிப்புக் கேட்டார்.

நம்ம ஊரில் 2023 மார்ச்சில் கோயம்பேடு பக்கம் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீடியோ பரவி ரகளையான பிறகு உள்ளே விட்டார்கள். குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயசு ஆகவில்லை, சர்ட்டிபிகேட் அப்படி என்று காரணம் சொன்னார்கள். அந்த சர்ட்டிபிகேட் படத்துக்கு மற்ற குடும்பங்களின் குழந்தைகளை வாசலில் நிறுத்தி வயசு கேட்டு நான் பார்த்ததில்லை.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சொன்னது 1965-ல். மூணு வருஷம் கழித்து அவர்கள் வேஷத்தில் ஆடிய ரெண்டு பேருமே முதலமைச்சர் ஆனார்கள். ஆட்சிகள் மாறின, கடிதங்கள் டில்லிக்குப் போயின. அதற்குள் 1972 வன உயிர்ச் சட்டம் வந்து நரியும் கவுதாரியும் கைவிட்டுப்போய், ஊசியும் பாசியும்தான் மிச்சம். சேர்த்தது 2023 ஜனவரியில். வாத்தியார்கள் ரிட்டயரானால் கூட இவ்வளவு தாமதமாக அரியர்ஸ் வராது.

தமிழ்நாட்டுப் பட்டியலில் 37-வது இனம். நரிக்கொரவன், குருவிக்காரன் என்று போட்டிருக்கிறது. நரி பிடித்ததற்காக நாம் வைத்த பெயர் ஒன்று, குருவி பிடித்ததற்காக நாம் வைத்த பெயர் இன்னொன்று. அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற பெயர் வாக்ரி. அது அங்கே இல்லை.