விடுகைப் பத்திரத்தோடு கடமை முடிந்துவிடுமா?

பளையிலே காணி வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரிடம், எத்தனை தென்னம்பிள்ளைகள் நட்டார், எத்தனை பிழைத்தன, எத்தனையை வண்டு அழித்தது என்று கேட்டுப் பாருங்கள். தயங்காது கணக்குச் சொல்வார். அதே ஊரில் 5 ஆண்டுகளுக்கு முன் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கின்றனர் என்று கேளுங்கள். கணக்குச் சொல்வார் யார்? நட்ட பிள்ளைக்கு உள்ள கணக்குப் பெற்ற பிள்ளைக்கு இல்லையெனில், அது நமக்குப் பெருமை தருவதன்று.

5 முதல் 16 வயது வரை பிள்ளைகள் கல்வி பெறுதல் கட்டாயம் என்பது 2016 முதல் இந்நாட்டின் விதி. அந்த வயதுவரை வரவு இடாப்பு உண்டு. தவணைதோறும் தேர்ச்சி அறிக்கை உண்டு. அதன் பின்னர் ஒரு விடுகைப் பத்திரம். அதிபர் கையொப்பமிட்ட அன்றே பாடசாலைக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிடுகின்றது. பல்கலைக்கழகம் புகுந்தவரைப் பல்கலைக்கழகம் அறியும். தொழில் பயில்வோரைப் பயிற்சி நிலையம் அறியும். இரண்டிலும் சேராது இடையில் விழுந்தவரை அறிவார் எவருமில்லை. நாம் முதலில் தேடவேண்டியவரோ அவரே!

வாசல்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இயங்குகின்றன. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான். சாதாரணதரத்திற் சித்தியடையாதோரும் தொழிற்பிரிவிற் கற்க வழிசெய்யும் 13 ஆண்டுக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. புலோப்பளைப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் தொழிலை நாடிச் சென்ற நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு அடுத்த வாசலைக் காட்டியவர் யார்?

உரிமைக்கும் இக்கணக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1970களில் தரப்படுத்தலை எதிர்த்து நாம் வாதாடியபோது, அவ்வாதத்தின் வலிமை வெட்டுப்புள்ளிகளில் இருந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் அனுமதி, திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் எனப் பகிரப்படுகின்றது. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் கிளிநொச்சியும் ஒன்று. ஆயினும், உயர்தர விஞ்ஞான வகுப்புக்கே போய்ச் சேராத பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் மாவட்டப் பங்கினால் ஆவதென்ன? எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர் என்பதை எழுத்தில் வைத்திருந்தால், ஆசிரியர் வேண்டும், பஸ் வேண்டும் என்று நாம் கேட்பது கோரிக்கையாக நில்லாது வழக்காகும். சான்றில்லாத வழக்கு எந்த மன்றத்திலும் நில்லாது.

ஆகவே, பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்துக்கு ஒரு மாணவர் பேரேடு வேண்டும். 9ஆம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: தவணைத் தேர்ச்சி, பிள்ளையின் விருப்பம், பெற்றோரின் எண்ணம், பரீட்சை முடிவு. விலகிய பின் 6 மாதத்தில் ஒரு விசாரிப்பு. முதலாம், மூன்றாம் ஆண்டு முடிவில் மீண்டும் விசாரிப்பு. இச்சுமையை ஆசிரியர் தலையில் மாத்திரம் ஏற்றுதல் நியாயமன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் கிராமந்தோறும் ஒருவரை நியமிக்கட்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர் கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கட்டும்.

குடும்பத்தின் வறுமை ஊர்ப்பேச்சாகாதா என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானது. பெற்றோர் சம்மதத்துடன் மட்டுமே விபரம் எழுதப்பட வேண்டும். பெயர்கள் பூட்டினுள் இருக்க வேண்டும். ஊருக்குத் தொகை மாத்திரமே சொல்லப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

இடப்பெயர்வுகளின்போது பாத்திரம் பண்டங்களைக் கைவிட்டும் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் நெஞ்சோடணைத்து நடந்த மக்கள் நாம். ஒரு தாளின் பெறுமதியை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த பரீட்சை முடிவு வெளிவருமுன் பேரேட்டின் முதற் பக்கம் எழுதப்படட்டும். சித்தியடைந்தோருக்கு மாலையிடும் அதே நாளில், பட்டியலில் இல்லாத பிள்ளையின் வீட்டுப் படலையையும் ஒருவர் தட்டட்டும்.