எழுத்து முதலில், காணொலி பிறகு

மென்பொருளுக்கு உதவிக் கையேடு என்றதும் இன்று பல நிறுவனங்களுக்கு முதலில் தோன்றுவது காணொலிதான். புதிதாக வருபவருக்கு அது நல்ல தொடக்கம். எந்தப் பட்டியலைத் திறப்பது, எங்கே சொடுக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட ஒருமுறை காட்டிவிடலாம். ஆனால், பழகியவரின் தேவை வேறு. அவருக்கு மறந்துபோனது ஒரே ஒரு கட்டளை. அதற்காகக் காணொலியை முன்னும் பின்னும் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்தாலும் நகலெடுத்து ஒட்ட முடிவதில்லை. அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால், எழுத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். காணொலியையோ மறுபடி பதிவுசெய்ய வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், மத்திய அரசின் நிதியுதவியுடன் உருவானது. லிப்ரே ஆபிஸ், சைலேப், கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குச் சுமார் 10 நிமிடப் பாடங்களை அது தருகிறது. அங்கே பதிவுக்கு முன்பே எழுத்துப் பிரதி தயாராகிவிடும். ஒரு பக்கம் திரையில் காட்ட வேண்டியது, மறுபக்கம் பேச வேண்டியது. அந்த மென்பொருளில் பழக்கமில்லாத ஒருவர் பிரதியின்படி செய்து பார்க்கிறார்; அவர் தடுமாறும் இடத்தில் திருத்தம் நடக்கிறது. கற்பவரும் திரையின் ஓரத்தில் காணொலியையும் மீதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்து பழகுகிறார்.

பிரதி கையில் இருப்பதால் மொழிமாற்றமும் எளிதாகிறது. திரை ஆங்கிலத்திலேயே இருக்க, குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு மாறுகிறது. வேலையில் மாணவர் எதிர்கொள்ளப்போவது பெரும்பாலும் ஆங்கிலத் திரைதான். ஆனால் முதலில் விளங்க வேண்டியது தாய்மொழியில். இந்த ஏற்பாடு இரண்டுக்கும் இடம் தருகிறது.

செவித்திறன் குறைந்தோரையும் மறக்கலாகாது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் 2.0 பதிப்பு, ஒலியுடன் பதிவுசெய்யப்பட்ட காணொலிக்கு வசனவரிகளை அடிப்படைத் தேவையாகவே வைத்தது. பிரதி இருந்தால் அந்த வேலையில் பாதி முடிந்தது.

இணையவழிச் சேவைகளைப் பயன்படுத்தும் முறையை விளக்க அரசுத் துறைகளும் காணொலிகளை வெளியிடுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அதே படிகளைத் தமிழில், எண்ணிட்டு, தேதியுடன் எழுத்தாகத் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். பிரதி இல்லாத காணொலிக்கு ஒப்புதல் தரக் கூடாது.